உங்களுக்கு என்ன வலிக்குது?

ரெண்டு தரப்பும் சமாதானம் ஆயிட்டாங்கன்னு அந்த அடிதடி கேஸ் குவாஷ் ஆனதை, அதாவது விசாரணையே இல்லாம ரத்தானதைப் பத்தி, நேத்து நாலு வரி எழுதியிருந்தேன். எந்தக் கேஸ்னு திரும்பச் சொல்ல வேண்டாம், ரெண்டு நாளா எல்லார் டைம்லைன்லயும் அதுதான் ஓடுது. கீழ ஒரு தம்பி வந்து கேட்டுட்டுப் போறார்: "அடிச்சவரும் அடிபட்டவரும் ராசியாயிட்டாங்க. நடுவுல உங்களுக்கு என்ன வலிக்குது?" அதுக்கு 42 லைக். அதுல பாதி என் நட்புப் பட்டியல்ல இருக்கிறவங்க.

வலிக்குது தம்பி.

குற்ற வழக்குங்கிறது ரெண்டு பேரோட கொடுக்கல் வாங்கல் இல்லை. ஏதாவது ஒரு தீர்ப்பு நகலை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்க. ஒரு பக்கம் அரசு, அதுக்காகக் காவல் ஆய்வாளர். எதிர்ப்பக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். அடிபட்ட மனுஷன் அதுல வெறும் அரசுத் தரப்புச் சாட்சி. சாட்சி ராசியாயிட்டா அரசும் ராசியாயிடுச்சுன்னு அர்த்தமா?

"சட்டம் தெரியாம பேசாதீங்க"ன்னு வக்கீல் நண்பர்கள் வருவாங்க. கொஞ்சம் தெரியும். எந்தெந்தக் குற்றத்தை ராசி பண்ணிக்கலாம்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 320-வது பிரிவுல பட்டியலே இருந்துச்சு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 359. பட்டியல்ல இல்லாததுக்கு உயர் நீதிமன்றம் போய் 482-ல, இப்ப 528-ல, ரத்து கேட்கணும். 2012-ல கியான் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்கு வழி விட்டுச்சு. கூடவே கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை மாதிரி கொடிய குற்றங்களுக்கு இது கிடையாதுன்னும் சொல்லுச்சு. முதல் பாதியை மட்டும் எல்லாரும் நல்லா ஞாபகம் வச்சிருக்கோம்.

குடும்பத் தகராறை நான் சொல்லலை. 498-ஏ, அதாவது கல்யாணமான பொண்ணைப் புருஷன் வீட்டுல கொடுமைப்படுத்தின வழக்குல, ராசியானா ரத்து பண்ணலாம்னு 2003-லயே பி.எஸ். ஜோஷி தீர்ப்பு வந்தாச்சு. பிரிஞ்சு போய் அவங்கவங்க பிழைப்பைப் பார்க்கிற ரெண்டு பேரைப் பத்து வருஷம் கோர்ட் வராந்தாவுல உட்கார வைக்கிறதுல யாருக்கு என்ன லாபம்? செக் திரும்பின கேஸும் அப்படித்தான். போதுமா? இதைச் சொல்லாட்டி அதையே பிடிச்சுத் தொங்குவீங்க.

நான் சொல்றது ரத்தம் பார்த்த கேஸை.

எங்க சித்தப்பா கதையை இங்க நான் எழுதினதில்லை. பாதைத் தகராறு. இரும்புக் கம்பியால ஒரு அடி, இடது கண் போச்சு. 326 போட்டாங்க, ஆயுதத்தால கொடுங்காயம் பண்ணின பிரிவு. ராசி பண்ணிக்கலாம்ங்கிற பட்டியல்ல அது இல்லை. மூணு வருஷம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். எதிராளி காருல வந்து இறங்குவான். நடுவுல ஆள் மேல ஆள் வந்தாங்க. "ஒரே ஊர்ல இருக்கப் போறீங்க, எதுக்குப் பகை?" கடைசியில ஒரு லட்சத்து இருபதாயிரம்.

ராசி மனுவை வக்கீல் ஆபீஸ்ல படிச்சுக் காட்டினாங்க. "ஊர்ப் பெரியவர்கள் மற்றும் நலம்விரும்பிகளின் முயற்சியால், எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி..." அந்த நலம்விரும்பி யாருன்னா, அடிச்சவனோட மாமனார். பிறகு ஹைகோர்ட். நீதிபதி கேட்டா என்ன சொல்லணும்னு குமாஸ்தா சொல்லிக் கொடுத்ததை சித்தப்பா பஸ் முழுக்க முணுமுணுத்துக்கிட்டே வந்தார். "யாரும் கட்டாயப்படுத்தலைங்க ஐயா." ஆதார் கார்டைப் பார்த்தாங்க, கேட்டாங்க, சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகலை.

நீதிபதியைக் குத்தம் சொல்லலை. அவர் முன்னாடி இருந்தது ஒரு காகிதமும் ஒரு "இல்லைங்க ஐயா"வும். ஆனா அந்த "இல்லைங்க ஐயா"வுக்குப் பின்னாடி மூணு வருஷம் நின்னுக்கிட்டு இருந்துச்சே, அதை யார் விசாரிக்கிறது?

"நாலு கோடி வழக்குக்கு மேல தேங்கிக் கிடக்கு, தெரியுமா?" தெரியும். காலி நீதிபதி இடங்களை நிரப்புங்க. அடிபட்டவனை வரிசையிலிருந்து நகர்த்திட்டு வரிசை குறைஞ்சிடுச்சுன்னு கணக்குக் காட்டாதீங்க.

மூணாவது மனுஷனுக்கு என்ன வேலைங்கிறீங்களே, ராஜஸ்தான்ல பள்ளி மாணவியிடம் தவறா நடந்ததா ஆசிரியர் மேல போக்சோ வழக்கு, குழந்தைகள் மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான சட்டம். பொண்ணோட அப்பாவே ராசின்னு எழுதிக் கொடுத்தார், உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத மூணாவது மனுஷங்க. 2024 நவம்பர்ல அந்த ரத்தையே ரத்து பண்ணினாங்க. நம்ம ஊர்லயே போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கின வழக்கு, பணம் திரும்பி வந்தாச்சு, ராசின்னு 2021-ல குவாஷ் ஆச்சு. 2022-ல உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்துச்சு. பணம் கொடுத்தவனுக்குப் பணம் வந்துடுச்சு சரி, பணம் கொடுக்க வழியில்லாம வேலை கிடைக்காமப் போனவன் யார்கூட ராசியாகிறது?

"ராசியான சாட்சி எப்படியும் கோர்ட்ல பல்டி அடிப்பான், கேஸ் விடுதலையில முடியும், வீண்தானே?" இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. பல்டி அடிச்சே முடியட்டும், ராசின்னு கௌரவமா ஒரு பேர் வைக்காம முடியட்டும்னுதான் தோணுது. இது வாதம் இல்லை, கோபம்னு எனக்கே தெரியுது.

தெரிஞ்சும் ஏன் இவ்வளவு எழுதுறேன்னா, "போதும் சித்தப்பா, கையெழுத்துப் போட்டுடுங்க"ன்னு முதல்ல சொன்னது நான். வாய்தாவுக்குக் கூட்டிட்டுப் போய் வந்து எனக்கும் சலிச்சுப் போச்சு. அந்த மனுவுல நலம்விரும்பிகள்னு பன்மையில போட்டிருந்தது தப்பில்லை.

சித்தப்பா இன்னைக்கும் இடது பக்கம் ஹாரன் சத்தம் கேட்டா உடம்பையே திருப்பித்தான் பார்க்கிறார். போன மாசம் அப்படித் திரும்பினப்ப பைக்ல வந்தது அவன். நிறுத்தி, "என்னண்ணே, சௌக்கியமா?"ன்னு கேட்டான். இவரும் தலையாட்டினார்.

ராசியாயிட்டாங்கல்ல.