பொழுதுபோக்கு ட்ரோனுக்கும் இன்சூரன்ஸ் உண்டு

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குத்தான் ட்ரோன் இன்சூரன்ஸ், முட்டம் கடற்கரையிலோ மாத்தூர் தொட்டிப்பாலத்திலோ சும்மா ஆசைக்குப் பறக்கவிடுபவர்களுக்குத் தேவையில்லை என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், பலர் அதையே பகிர்கிறார்கள். அது சரியில்லை அண்ணே. ட்ரோன் விதிகள் 2021-இல் 44-வது விதி பார்ப்பது எடையை, நோக்கத்தை அல்ல. 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு மட்டும்தான் விலக்கு. அதற்கு மேல் போனால் ஹாபியோ தொழிலோ, மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், நம்ம பைக்குக்கு எடுப்பது போலத்தான், மோட்டார் வாகனச் சட்டமே இதற்கும் பொருந்தும் என்று அந்த விதியே சொல்கிறது.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்றால், 2 கிலோ வரையுள்ள ட்ரோனை வணிகமில்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். அது வேறு விதி, இன்சூரன்ஸுக்கு அது செல்லாது.

என்னை நம்ப வேண்டாம், இந்திய அரசிதழில் 2021 ஆகஸ்ட் 25 அறிவிக்கையைத் தேடி எடை வகைகளைச் சொல்லும் 5, இன்சூரன்ஸைச் சொல்லும் 44 இரண்டு விதிகளையும் படித்துப் பாருங்கள். அப்புறம் பேட்டரி, இறக்கைக் காப்பு, மேலே மாட்டுவது எல்லாவற்றோடும் ட்ரோனை மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள், 249 கிராம் என்று விற்றது காப்பு மாட்டியதும் 250-ஐத் தாண்டிவிடும்.