பக்கவாதத்துக்கு ஊசிக்குத்து வைத்தியம்: பகிராதீர்கள்

பக்கவாதம் தாக்கியவரை அசைக்கக் கூடாது, பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் வரவழைத்து, காதுமடலை இழுத்துச் சிவக்கவைத்து, அவர் தெளிந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றிவருகிறது. இது தவறு. உயிருக்கே உலைவைக்கும் தவறு.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது பக்கவாதம். விரலில் சிந்தும் நான்கு சொட்டு இரத்தம் அந்த அடைப்பை நீக்காது, கசிவையும் நிறுத்தாது. அடைப்பு பெரிய குழாயில் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். விரலைக் குத்த ஊசி தேடும் நேரம் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கை தானாகச் சரிகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீரோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் போயிருக்கலாம். மூளையில் இரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும்.

அறிகுறிகளையும் அவசர சிகிச்சையையும் உலகப் பக்கவாத அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.