எந்தப் பிரிவு என்று கேட்டால் திமிரா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே போட மாட்டேன், அந்தப் பெண்ணின் முகம் ஊர் சுற்றியது போதும். வாய்க்கால் கரை வீட்டுக்காரர்கள் கையில் நோட்டீஸோடு நிற்கிறார்கள், மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவள் கேட்டது ஒரே கேள்வி. "சார், 7வது பிரிவு நோட்டீஸ் எங்களுக்கு வரவே இல்ல. நேரா 6வது பிரிவுல காலி பண்ணுன்னு வந்திருக்கு. எப்படி சார்?" பதில்: "ஏம்மா, நீ என்ன வக்கீலா? சட்டம் பேசறதுன்னா கோர்ட்டுல போய்ப் பேசு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் அதே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெரியவரும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அது சரியான கேள்வி. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அரசு நிலத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால், 'உன் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, இன்ன தேதிக்குள் சொல்' என்று முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். அது 7வது பிரிவு. அதற்கு அப்புறம்தான் 6வது பிரிவில் காலி செய்யச் சொல்வது. அந்த உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 10வது பிரிவில் மேல்முறையீடு. நம்மை அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரன்கூட, முதலில் கேள், அப்புறம் இடி என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லை போலிருக்கிறது.

நான் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் என்பது இங்கே பலருக்கும் தெரியும். நோட்டீஸ் வாங்கியவர்கள் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து நாலாக மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். விரித்தால் மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனாந் தேதிக்குள்ளம்மா?" அச்சடித்த வரிக்கு நடுவில் கோடு விட்டு, பேனாவால் ஒரு பிரிவு எண் போட்டிருப்பார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. நான் விரலை வைத்துக் காட்டினால், "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்பார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் அந்தப் பெண் கண்டுபிடித்தாள். அதற்குப் பரிசு அந்தச் சிரிப்பு.

என் தம்பி கதையைச் சொல்கிறேன். அவன் ராணுவத்தில் நாயக், சிப்பாய்க்கு மேலான பதவி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அவன் லீவில் வீட்டில் இருந்தான். முத்துப்பேட்டை பக்கம் எங்கள் தோப்பில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. வீட்டு ஓடு போய்விட்டது, கரண்ட் இல்லை, போன் இல்லை. அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு அவன் எப்படிப் போவான்? லீவு முடிந்தும் இருந்துவிட்டுத்தான் போனான்.

(அந்த நாட்களில் ஆரஞ்சு உடுப்புப் போட்டு மரம் அறுக்க வந்தவர்களை எங்கள் ஊரே 'மிலிட்டரி' என்றுதான் சொன்னது. அவர்கள் தேசியப் பேரிடர் மீட்புப் படை. எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் மாதிரி மத்தியப் படைகளிலிருந்து ஆள் எடுத்து அமைத்தது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. ராணுவம் வேறு, அதன் சட்டம் வேறு. அன்றைக்கு இதைச் சொல்லி என்னிடம் திட்டு வாங்கியவனும் என் தம்பிதான்.)

அவன் கிளம்பியதும் சொந்தபந்தம் எல்லாம் ஒப்பாரி வைக்காத குறை. "கோர்ட் மார்ஷல் பண்ணிடுவான், மிலிட்டரியில கேள்விமுறையே கிடையாது." அவன் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "அக்கா, ராணுவச் சட்டம் 39வது பிரிவு. லீவு முடிஞ்சும் வராததுக்கு. சார்ஜை என் முன்னாடியே விசாரிப்பாங்க. சாட்சி சொல்ற ஆளை நானே கேள்வி கேக்கலாம்." அப்படித்தான் நடந்தது. வராத நாட்களுக்குச் சம்பளம் போனது, ஒரு கண்டனம் பதிவானது. அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன்? அரசமைப்புச் சட்டத்தின் 33வது பிரிவு, படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்றே சொல்கிறது. சங்கம் வைக்க முடியாது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்திலேயே, 1954ஆம் வருஷ ராணுவ விதிகளில் 22வது விதி, குற்றம் சாட்டப்பட்டவனை எதிரில் வைத்துக்கொண்டுதான் கமாண்டிங் ஆபீசர் விசாரிக்க வேண்டும், சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்க அவனுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்கிறது. உரிமையைக் குறைத்த இடத்தில் கேள்வி கேட்கலாம். ஒரு உரிமையும் குறையாத ஒரு பெண், சொந்த ஜில்லாவில், தன் வீட்டை இடிக்கப்போகும் தாளைப் பற்றிக் கேட்டால் திமிர்!

ராணுவத்தில் எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. சம்மரி கோர்ட் மார்ஷல் என்கிற சுருக்க விசாரணையில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். அது எனக்கு உறுத்தும். கோர்ட் மார்ஷல் தீர்ப்புகள் மேல் முறையீடு கேட்க, 2007இல் தனிச் சட்டம் போட்டு, 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் நடக்கிறது, சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு வருகிறேன்.

"வாய்க்காலை ஆக்கிரமித்தவனுக்கு வக்காலத்தா?" இல்லை. வாய்க்கால் முடிகிற கடைமடைக்காரி நான். மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் தலைமடையைத் தாண்டி எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர என்ன பாடு என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் வாய்க்காலாக இருக்க வேண்டும். எடுக்கட்டும். நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, படித்துப் பார்த்து, எடுக்கட்டும். இதே வேகம் கரையை வளைத்துக் கல்யாண மண்டபம் கட்டியவரிடம் ஏன் வருவதில்லை என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். கேட்கவில்லை, விடுங்கள்.

"அதிகாரிக்கு எத்தனை வேலை தெரியுமா?" தெரியும். தினமும் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு விஏஓவுக்கு இரண்டு கிராமம், அது போதாதென்று தேர்தல் வேலை, புயல் வேலை, நிவாரணக் கணக்கு. பாவம்தான். ஆனால் "நீ வக்கீலா" என்று கேட்க ஆகும் அதே நேரம்தான், "ஃபைலைப் பார்த்துச் சொல்கிறேன்மா" என்று சொல்லவும் ஆகும்.

"அரைகுறையாகச் சட்டம் படித்துவிட்டு ஆளாளுக்குப் பேசினால் நிர்வாகம் எப்படி நடக்கும்?" இதைச் சொல்கிறவர்கள் '144 போட்டாச்சு' என்று இன்னமும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அது குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தின் 163வது பிரிவு. பழையதிலும் புதியதிலும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பொதுவாக இரண்டு மாதம்தான் கெடு. ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனால் நாம் அடங்கிப்போகிறோம், உத்தரவைக் காட்டு என்று ஒருத்தர் கேட்பதில்லை. அரைகுறை யார்?

"கோர்ட்டுக்குப் போ" என்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வசனம். தஞ்சாவூர் ஜில்லாக்காரர் ரிட் மனு போட உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். பக்கத்து ஊரே ஆனாலும் திருவாரூர் ஜில்லா என்றால் சென்னைக்குப் போக வேண்டும். ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி, வக்கீலைப் பிடித்து, பீஸ் கட்டி, நடவு ஆள் கூலியை விட்டுவிட்டு. எதற்கு? எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டிய ஒரு எண்ணுக்காக. தகவல் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. அதன் 4வது பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்படுகிறவருக்குத் தாங்களாகவே தரச் சொல்கிறது. 6வது பிரிவு, தகவல் கேட்கிறவன் ஏன் கேட்கிறான் என்று சொல்ல வேண்டியதில்லை என்கிறது. 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டால், பதிலுக்கு 30 நாள் கெடு. அவள் வாயால், இலவசமாக, மரியாதையாக 'சார்' போட்டுக் கேட்டாள்.

"மனு எழுதிப் பிழைக்கிறவள், அதான் ஏத்திவிடுறே" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். ஆமாம், பிழைக்கிறேன். ஜனங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்தால்தான் எனக்கு நாலு தாள் கூடுதலாக ஓடும், ஐயா. தெரிந்துகொண்டால் என் கடைக்குத்தான் நஷ்டம். கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் குடும்ப குரூப்பில் அந்த வீடியோவை முதலில் போட்டது என் சித்தப்பா. சிரிப்புப் பொம்மை மூன்று வைத்து, கீழே 'படித்த திமிர்' என்று எழுதியிருக்கிறார். எனக்குச் சட்டமன்றம் என்ன செய்யும், நிர்வாகம் என்ன செய்யும், நீதிமன்றம் என்ன செய்யும் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். "கேள்வி கேளுங்கடா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று வகுப்பில் கத்துவார். நாங்கள் கேட்டோம். எங்கள் தெருவில் கேட்டால் அறிவு, வாய்க்கால் கரையிலிருந்து கேட்டால் திமிர் என்று அப்போது சொல்லவில்லையே சித்தப்பா? அவளும் உங்களை மாதிரி ஒரு வாத்தியாரிடம் படித்திருப்பாள். அந்த வாத்தியாரும் இப்போது எங்கேயோ சிரித்துக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை.

குரூப்பில் பதில் போட்டால் "பெரியவங்ககிட்ட இப்படியா" என்று நாலு பேர் வருவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும்.

போன தை மாசம் உங்கள் கூட்டுப் பட்டாவைப் பிரிக்க மனு எழுத என் கடைக்குத்தான் வந்தீர்கள். நான் பாதி டைப் செய்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு போட்டு எழுதும்மா, அப்பத்தான் மதிப்பான்" என்று சொன்னீர்கள். 1983 பட்டா பாஸ்புக் சட்டத்தைத் தேடி எடுத்துப் பிரிவு போட்டுத்தான் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை.