கிட்டவா, அகலமா?

போன மாதம் ஒரு மழைநாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சூப்பர்மார்க்கெட் போனேன். டிசேபிள் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, புளூ பாட்ஜை, அதாவது நடமாடச் சிரமப்படுபவர்களுக்கு இங்கே தரும் பார்க்கிங் அனுமதி அட்டையை, டாஷ்போர்டில் எடுத்து வைத்தேன். அம்மா தன் காலாலேயே இறங்கினார். டிராலி தள்ளிக்கொண்டு போன ஒரு பெண் அம்மாவின் கால்களையும் பாட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

அம்மாவுக்கு நுரையீரல் நோய். முப்பது அடி நடப்பார், அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவார். அந்தப் பெண் பார்த்தது முதல் பத்தடியை.

இங்கே இங்கிலாந்தில் பாட்ஜ் என்றாலே நெடுங்காலம் நடை தூரத்தின் கணக்குத்தான். இன்றும் பிப் (PIP) எனும் மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கான மதிப்பீட்டில் 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாது என்று 8 புள்ளி வந்தால் பாட்ஜுக்கும் தகுதி வந்துவிடும். 2019 ஆகஸ்ட் கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளையும் விதியில் தெளிவாகச் சேர்த்தார்கள். என் தம்பியின் மகனுக்கு ஆட்டிசம். 50 மீட்டர் என்ன, 500 மீட்டரும் ஓடுவான். எந்தப் பக்கம் ஓடுவான் என்பதுதான் எங்கள் பயம். அவனுக்குப் பாட்ஜ் கிடைத்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் அன்றைக்குக் கடையை விட்டு வெளியே வந்தபோது பார்த்தது வேறு. பக்கவாட்டில் சாய்வுப் பலகை இறங்கும் ஒரு வேன். அதன் கதவுப் பக்கம், இறங்கி ஏறவென்று சாய்கோடு போட்டுக் காலியாக விட்ட இடத்தின் மேல் பாதி ஏறி நிற்கிறது ஒரு கார். பலகையை இறக்க இடமில்லை. வேன்காரர் சக்கர நாற்காலியில், மடியில் பால் போத்தலோடு, மழையில் நனைந்துகொண்டிருக்கிறார். கடைக்குள் கார் இலக்கத்தை அறிவித்து, ஆள் வந்து சேர இருபது நிமிடம். வந்தவரும் பாட்ஜ்காரர்தான், ஊன்றுகோலோடு.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: "எனக்குக் கிட்ட எண்டாப் போதும் பிள்ளை. இந்த அகலம் எங்களுக்கு எதுக்கு?"

அந்தச் சாய்கோட்டு இடம் வழக்கமாக 1.2 மீட்டர் அகலம். நாற்காலிக்காரருக்கு அது இல்லாவிட்டால் கார்க் கதவே இல்லாத மாதிரி. வாசலிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தாலும் அவர்களில் பலர் சமாளிப்பார்கள். அம்மாவுக்கு நேர்மாறு: சாதாரண இடமே போதும், வாசலுக்குக் கிட்ட இருக்கவேண்டும். இரண்டு தேவைக்கும் ஒரே பெட்டியைக் கீறிவிட்டு, முந்துபவர் எடுக்கட்டும் என்று விட்டால் பாட்ஜ்காரரும் பாட்ஜ்காரரும்தான் மோதிக்கொள்வார்கள். "பாட்ஜ் கொடுப்பதைக் குறை" என்று கத்துவதை விட, சில இடங்களைச் சாய்வுப் பலகைக்காரருக்கென்றும் சிலவற்றைக் கிட்ட வேண்டியவர்களுக்கென்றும் பிரித்துக் கீறலாம். கடைகளின் கார் பார்க் தனியார் இடம். அங்கே இதைச் செய்யப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஒரு வாளி பெயின்ட் போதும்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தாத்தா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், அவருடைய பாட்ஜ் லண்டன் வெம்பிளியின் ஈலிங் ரோட்டில் நகைக்கடை வாசலில் நிற்கும். பாட்ஜ் ஆளுக்குரியது, காருக்கல்ல. இப்படிப் பிடிபட்டால் 1000 பவுண்ட் வரை அபராதம்.

போன கிழமை சொந்தக்கார அத்தான் ஒருவர் போன் எடுத்தார்: "மாமிட பாட்ஜைச் சனிக்கிழமைக்கு ஒருக்காத் தாவன், வெம்பிளியில பார்க்கிங் கிடைக்காது."

"மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ அத்தான்" என்றேன். வேறு கோல் வருகுது என்று வைத்துவிட்டார்.