விளக்குக்கு எத்தனை பேருடா வைப்பீங்க?

ரவுட்டர்ல ஓப்பன்வர்ட் (ரவுட்டருக்குன்னே இருக்கிற லினக்ஸ்) ஃபர்ம்வேர் ஏத்தியாச்சு. நெட் வருது, வைஃபை வருது, ரவுட்டர் நெத்தியில வைஃபை விளக்கு மட்டும் எரியல. லாக்கைப் புரட்டிப் பாருங்க, ஒரு எரர் இருக்காது. கான்ஃபிக்ல, அதாவது செட்டிங்ஸ் ஃபைல்ல, எழுதின பேர்ல விளக்கு இல்லேன்னா, ஓப்பன்வர்ட்டோட லெட் (எல்இடி விளக்கு) ஸ்கிரிப்ட் சத்தம் போடாம அடுத்த விளக்குக்குப் போயிடும். அவ்வளவு மரியாதை!

முன்னாடி பேர் மூணு துண்டு: டிவைஸ்:கலர்:வேலை. 2019-ல வந்த லினக்ஸ் 5.4 கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கலரையும் வேலையையும் டிவைஸ் ட்ரீல (பெட்டியில என்னென்ன ஹார்ட்வேர் இருக்குன்னு சொல்ற ஃபைல்) தனித்தனியா எழுதச் சொல்லுச்சு. டிவைஸ் பேர் எதுக்குன்னு அதைக் கழட்டினாங்க. சரி, நியாயம்தான். ஆனா கான்ஃபிக்ல பழைய மூணு துண்டு அப்படியே உக்காந்திருக்கே? பழைய பேரைப் புதுசா மாத்திவிடுற மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் சில டார்கெட்டுக்கு (சிப் வகைக்கு) உண்டு. மத்தவங்க இருட்டுல தேடணும்.

மிச்சமிருக்கிற ரெண்டு துண்டாவது ஒழுங்கா? ஒரு பெட்டியில 'டபிள்யூலேன்2ஜி', இன்னொண்ணுல 'டபிள்யூலேன்-2ஜிகாஹெர்ட்ஸ்', வேறொண்ணுல வெறும் 'வைஃபை'. அதே மஞ்சக் கலரு ஒருத்தருக்கு ஆம்பர், இன்னொருத்தருக்கு ஆரஞ்சு. ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா கெர்னல் தானா '_1' ஒட்டும். இது பத்தாதுன்னு வைஃபை ரேடியோவை ஓட்டுற டிரைவர் வேற தன் பங்குக்கு 'ஏடிஎச்9கே-ஃபை0' (டிரைவர் பேர், ரேடியோ நம்பர்) மாதிரி ஒண்ணு பதிவு பண்ணும். கலரும் கிடையாது, வேலையும் கிடையாது. அந்த ஃபை0 2.4 ஜிகாஹெர்ட்ஸா, 5 ஜிகாஹெர்ட்ஸா? எந்த ரேடியோ முதல்ல எழுந்துச்சோ அது!

சரி, சிஸ்எஃப்எஸ்-ல (கெர்னல் ஹார்ட்வேரை ஃபைலா காட்டுற இடம்) கிளாஸுக்குள்ள லெட்ஸ் ஃபோல்டரை, அதாவது /sys/class/leds-ஐத் திறந்து உண்மையான பேரைப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ட்ரிகர் ஃபைல்ல (விளக்கை எது தானா எரிய வைக்குதுன்னு சொல்றது) முதல்ல 'நன்' (none) எழுதிட்டு, பிரைட்னஸ் ஃபைல்ல 1 எழுதுங்க. எது எரியுதோ அதுதான். ட்ரிகரை விட்டுட்டு 1 போட்டா, ட்ராஃபிக் வந்ததும் ட்ரிகர் அதை மாத்திடும், வேற விளக்குன்னு ஏமாந்துடுவீங்க. கண்டுபிடிச்ச பேரை சிஸ்டம் கான்ஃபிக்ல லெட் பகுதியில 'சிஸ்எஃப்எஸ்' வரியில எழுத்து பிசகாம போட்டு, லெட் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அடுத்த அப்டேட்ல பேர் மாறாதுன்னு யாரும் உத்தரவாதம் தரலை.

பிரைட்னஸ்னு ஒரு பேராம்! ஜிபிஐஓ-ல (சிப்போட ஆன்/ஆஃப் பின்) நேரா தொங்குற விளக்குக்கு எரியுறது, அணையுறது, அவ்வளவுதான். அந்த நீலப் பவர் லைட்டு இருக்கே, ராத்திரி அறையையே பட்டப்பகலாக்குறது? பல பெட்டியில அதை நேரா கரண்டுல கோத்து வச்சிருக்காங்க. ஃபோல்டர்ல அதுக்குப் பேரே கிடையாது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பு, ரெண்டு மடிப்பு. ஒரு மடிப்புன்னா கசியும்.