போர்டு போனால் போகட்டும், விண்டோஸ் ஏன் போக வேண்டும்?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடலோரத்தில் உப்புக் காற்று முதலில் பிடிப்பது மதர்போர்டைத்தான். ரேம் ஸ்லாட்டிலும் யூஎஸ்பி முனைகளிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். மூடிக் கிடக்கும் டிஸ்க் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஆனால் கடைக்குப் போனால் ஒரே பேச்சு: "புது சிஸ்டம் எடுங்க, ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுத் தர்றோம்."

இதை நான் ஏற்கவே மாட்டேன். பத்திரிகை அடிக்கும் கடையின் பாமினி எழுத்துருக்கள், சிடி தொலைந்துபோன பேஜ்மேக்கர், கருவாட்டு மண்டியின் டாலி கணக்கு எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டையும் அப்படியே வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியும்.

அதற்கு முன், போர்டு நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாலே சில நேரம் உயிர் வந்துவிடும்.

வரவில்லையா? மூல டிஸ்க்கில் எதையும் சோதிக்க வேண்டாம். சாட்டா-யூஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, குளோன்ஸில்லா என்ற இலவச நகல் மென்பொருளால் புது எஸ்எஸ்டிக்கு முழு டிஸ்க்கையும் நகல் எடுங்கள். புது டிஸ்க் அளவில் சிறியதாக இருக்கக் கூடாது. நகல் முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால், சேர்ந்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

இனிதான் எல்லோரும் கைவிடும் இடம். நகலைப் புது கம்ப்யூட்டரில் மாட்டி ஆன் செய்தால், நீலத் திரை வந்து "இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்று நிற்கும். உடனே "ஃபார்மட்தான் ஒரே வழி" என்பார்கள். விண்டோஸ் கெட்டுப்போகவில்லை, டிஸ்க்கைப் படிக்கும் கன்ட்ரோலரின் டிரைவர் (அதை இயக்கும் சிறு நிரல்) தொடக்கத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற டிஸ்க் கன்ட்ரோலர் அமைப்பு ஆன் ஆகியே வருகிறது. பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) அதை ஆஃப் செய்தாலே பெரும்பாலும் ஏறிவிடும். பழைய சிஸ்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் எளிது: விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் அமைப்புக் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு நகல் எடுங்கள். புது கம்ப்யூட்டரில் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) ஏறும்போது தேவையான டிரைவரை அதுவே தேடிக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம்.

டிஸ்க்கே தெரியவில்லை, நேராக பயாஸுக்குள் போகிறது என்றால் கோளாறு வேறு. பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை. புது போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை மட்டும்தான் அறியும், அதற்கு ஜிபிடி முறை டிஸ்க் வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி வரும் கட்டளைத் திரையில், எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை ஓட்டுங்கள். பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருந்தால் மாற்றாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், 11க்கு ஏறவும் இந்த மாற்றம் வேண்டும்.

விண்டோஸ் 7 டிஸ்க்குக்கு இந்த வழி உதவாது. புது போர்டில் கீபோர்டு, மவுஸ்கூட வேலை செய்யாமல் போகலாம்.

டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் புது போர்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லையென்றால் தரவு போனதுதான், யாராலும் திறக்க முடியாது. விண்டோஸுக்குள் நுழைய அடிக்கும் நான்கு இலக்க பின் பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டுண்டது. புதியதில் செல்லாது, பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும். புது கம்ப்யூட்டருக்கான வைஃபை டிரைவரையும் பென்டிரைவில் முன்பே எடுத்து வையுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் ஏமாற வேண்டாம். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டோடு போய்விடும், தனியாக வாங்கிய ரீடெயில் கூடவே வரும். டாலி வைத்திருப்பவர்கள், பழைய சிஸ்டம் உயிரோடு இருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதில் எஜுகேஷன் மோடில் (பழகுவதற்கான குறைந்த வசதி நிலை) போய் நிற்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஒரு மாதமாவது வைத்திருங்கள்.