எங்கே குஞ்சு பொரித்து வளர்த்த மீன் என்று கேளுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஒரு அலங்கார மீன் கடையில் என் டேங்குக்குக் கடல் உப்பு வாங்கக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு அப்பாவும் அவருடைய பத்து வயதுப் பெண்ணும் நின்றிருந்தார்கள். கடல் மீன் வரிசையில் ஒரு ஃபிளேம் ஏஞ்சல், கடல் ஏஞ்சல் மீன்களில் ஒரு குட்டி ஜாதி. செக்கச்செவேல் என்ற உடம்பில் கறுப்புக் கோடுகள், துடுப்பு ஓரத்தில் நீலம். அந்தப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. கடைத் தம்பி கொஞ்சம் தீனி போட்டார். மீன் வந்து கொத்தியது. "நல்லா சாப்பிடுது சார், ஆக்டிவா இருக்கு, எடுத்துக்கோங்க" என்றார். அந்த அப்பாவும் எடுத்துக்கொண்டார்.

அது எங்கே பொரித்த மீன், இல்லை எங்கே பிடித்த மீன் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குழந்தையின் சந்தோஷத்துக்கு நடுவில் போய் நிற்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்து அதில் ஏஞ்சல் விட ஆசைப்படுகிறவர்கள், தொட்டியில் பொரித்து வளர்த்த மீன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் ஆனாலும் சரி, விலை எத்தனை மடங்கு ஆனாலும் சரி. என் கருத்து இதுதான். இதற்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

என் முதல் ஏஞ்சல் ஒரு கோரல் பியூட்டி. 2022 ஜூலையில் வாங்கினேன். ஏழு சென்டிமீட்டர் இருக்கும், நன்கு வளர்ந்த மீன். கருநீலமும் ஆரஞ்சுமாக, விளக்கு வெளிச்சத்தில் பட்டுப்புடவை மாதிரி மின்னியது. கடையிலும் தின்றது, வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே இங்கேயும் தின்றது. அமோனியா பூஜ்யம், உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. உடம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. இருபத்து மூன்றாம் நாள் காலையில் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. வயிறு ஒட்டவில்லை, துடுப்பு கிழியவில்லை. கையில் வைத்துப் பார்த்தால் உயிரோடு இருக்கும் மீன் மாதிரியேதான் இருந்தது.

கடைக்குப் போய்க் கேட்டேன். எந்தக் கடலில் பிடித்தது, யார் பிடித்தது, எப்படிப் பிடித்தது? ஒன்றுக்கும் அங்கே பதில் இல்லை. "மும்பையிலிருந்து பாக்ஸ் வந்துச்சுக்கா" என்பதோடு மீனின் வரலாறு முடிந்துபோனது.

பிறகுதான் சயனைடு பற்றித் தேடிப் படித்தேன். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய பழக்கம் இது. சோடியம் சயனைடைக் கடல் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு முங்குவார்கள். பவள இடுக்கில் பீச்சினால் உள்ளே ஒளிந்திருக்கும் மீன் மயங்கிவிடும். கையாலேயே எடுத்துவிடலாம். கோரல் பியூட்டி, ஃபிளேம் போன்ற குட்டி ஏஞ்சல்கள் பொந்தை விட்டு அதிகம் வெளியே வராத ஜாதி. வலை போட்டுப் பிடிக்க நேரமும் பொறுமையும் வேண்டும், பாட்டிலுக்கு ஒரு நிமிடம் போதும். சுற்றியிருக்கும் பவளம் அங்கேயே சாகும். மயங்கிய மீன் தெளிந்து, தின்று, விமானம் ஏறி, நம் வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூடச் சாகலாம். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சட்டப்படி தடை உண்டு. ஆனாலும் நின்றபாடில்லை. தின்னும் மீன் நல்ல மீன் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு நாம் கடையில் நிற்கிறோம். அந்த அளவுகோல் இங்கே உதவாது.

சரி, பொரித்த மீன் ஏன் இவ்வளவு அரிது? இதை எனக்குப் புரியவைத்தது என் அப்பாவின் தொழில்.

அப்பா கொளத்தூரில் மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி ஏஞ்சல் பொரித்தவர். அது நன்னீர் ஏஞ்சல், தென் அமெரிக்க ஆற்று மீன். கடல் ஏஞ்சலுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு கிடையாது. ஆற்று ஏஞ்சல் ஜோடி சேர்ந்தால் ஒரு குழாய்த் துண்டைச் சாய்த்து வைப்பார். இரண்டும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, வரிசையாக முட்டை ஒட்டி, துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். இரண்டு மூன்று நாளில் பொரியும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைப் போட்டால் வயிறு ஆரஞ்சாக நிரம்பிவிடும். பள்ளிக்கூடம் போகும் முன்பு அந்த வயிறுகளைப் பார்ப்பது எனக்குத் தினசரி வேலை.

கடல் ஏஞ்சல் இப்படி எதுவுமே செய்யாது. பொழுது சாயும் நேரத்தில் ஆணும் பெண்ணும் பாறையிலிருந்து மேலே எழும்பி, நடுத்தண்ணீரில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். கடுகில் பாதி இருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும், மிதக்கும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்குக் கண்ணும் வாயும் உருவாகியே இருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்து வாய் திறக்கும்போது அதற்குள் போகிற அளவு தீனி வேண்டும். ஆர்ட்டீமியாவை நினைத்துப் பார்க்கவே முடியாது. க்ளவுன் மீன் குஞ்சுக்குப் போடும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கூடப் பெரிது. கோப்பிபாட் என்ற நுண்ணிய கடல் பூச்சியின் குஞ்சுதான் அந்த வாய்க்குப் பொருந்தும். அப்படி ஊட்டி, இரண்டு மாதம்போல மிதந்து திரிந்த பிறகுதான் அது மீன் உருவம் எடுத்துப் பாறையில் இறங்கும். ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் என்பவர் 2000களின் தொடக்கத்தில் இந்தக் கோப்பிபாட் வழியைப் பிடித்துக் குட்டி ஏஞ்சல்களை வளர்த்துக் காட்டினார். இன்று பசிபிக் தீவு நாடான பலாவில் தொடங்கிய பயோட்டா நிறுவனம் கோரல் பியூட்டியைப் பொரித்து விற்கிறது. பாலியில் பாலி அக்வாரிச் பண்ணை எம்பரர் போன்ற பெரிய ஏஞ்சல்களையே பொரிக்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். எண்பதை நெருங்கும் வயதில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அந்தப் பூச்சிக்கு என்னம்மா தீனி?" கடல் பாசி, அதையும் உயிரோடு வளர்த்துப் போட வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ முதல்ல பாசி வளர்க்கணும். அப்புறம் பூச்சி. அதுக்கப்புறம்தான் மீன். விலை அதுலதான் இருக்கு."

கடையில் பொரித்த மீனுக்குக் கடலில் பிடித்த மீனைப் போல நான்கு மடங்கு விலை சொன்னபோது நான் பேரம் பேசாமல் இருந்ததற்கு இந்தப் பதில்தான் காரணம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவோடு நின்றது. டேங்கில் இருந்ததெல்லாம் போனது. (சென்னையில் இருக்கிறவர்கள் மீன் வாங்கும் முன் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு வாங்கி வையுங்கள்.) மறுபடி தொடங்கும்போது ஏஞ்சலுக்கு ஆர்டர் சொல்லிவிட்டு ஏழு மாதம் காத்திருந்தேன். 2024 நவம்பரில் வந்தது. மூன்று சென்டிமீட்டர். ஆரஞ்சு மங்கல், நீலம் சாம்பல் பூத்த மாதிரி. "இதுக்கா இவ்வளவு நாள்?" என்று வீட்டில் கேட்டார்கள்.

டேங்கில் விட்டு ஒரு மணி நேரத்துக்குள் பெல்லட் என்ற உருண்டைத் தீனியைத் தின்றது. கண்ணாடியைக் கண்டு மிரளவில்லை, என் கையைக் கண்டு ஒளியவில்லை. அது பிறந்ததிலிருந்து பார்த்தது கண்ணாடியையும் தீனி போடும் கையையும்தானே. நோரி என்ற காய்ந்த கடற்பாசி, ஸ்பைருலினா, கடற்பஞ்சு கலந்த உறைந்த தீனி என்று மாற்றி மாற்றிப் போட்டு வந்தேன். ஆறு மாதத்தில் நீலம் நன்றாக ஏறிவிட்டது. கடலில் பிடித்த அந்த முதல் மீனின் பளபளப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பொரித்த மீன் பவளத்தைக் கொத்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொத்துவது அதன் பிறவிக் குணம், பாறையில் பாசியும் பஞ்சும் கொறித்துத் தின்னும் வம்சம் அது. என்னுடையது நான்காம் மாதத்தில் ஜோவாந்தஸ் என்ற பவள வகைக் கூட்டம் ஒன்றைக் கொத்தத் தொடங்கியது. தீனியை ஒரு நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துப் போட்ட பிறகு குறைந்தது, நிற்கவில்லை. அந்தக் கூட்டத்தை நண்பர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பவளம்தான் முக்கியம் என்றால் நடுத்தண்ணீரில் மிதக்கும் இரையைத் தின்னும் ஜெனிகாந்தஸ் என்ற ஏஞ்சல் வகையைத் தேடுங்கள், ஆனால் அதற்கு உயரமும் நீந்த இடமும் உள்ள டேங்க் வேண்டும். கோரல் பியூட்டிக்கு 250 லிட்டராவது இருக்கட்டும். எம்பரர் குஞ்சு கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு பார்க்க அத்தனை அழகு. வளர்ந்தால் 40 சென்டிமீட்டர் வரை போகும். பொரித்ததே கிடைத்தாலும் நான்கு அடி டேங்குக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது வீடியோ கேளுங்கள். செவுள் மூடி முழுசாக மூடுகிறதா, தாடை நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பண்ணைக் குஞ்சுகளில் இந்த ஊனங்கள் வருவதுண்டு. இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. பண்ணையில் சுத்தமாக வளர்ந்த குஞ்சு, மொத்த வியாபாரி தொட்டியில் கடலில் பிடித்த மீன்களோடு ஒரே தண்ணீரில் ஒரு வாரம் இருந்தால் போதும், வெல்வெட் நோயோ இக் நோயோ ஒட்டிக்கொள்ளும். அதனால் பெட்டி பிரிக்காமல் நேராகத் தரச் சொல்லுங்கள். அப்படியே தந்தாலும் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துத்தான் ரீஃப் டேங்கில் விட வேண்டும். குட்டி ஏஞ்சல்களுக்குத் தாமிர மருந்து ஒத்துக்கொள்வது கடினம், அளவு பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

ஒரு நண்பர் என்னிடம் கோபமாகவே கேட்டார். "எல்லாரும் பண்ணை மீன் வாங்கினா, முங்கிப் பிடிக்கிறவன் வயித்துக்கு என்ன வழி?" நியாயமான கேள்வி. கோரல் பியூட்டி அழிந்துவரும் மீன் கிடையாது, இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் நிறையவே இருக்கிறது. கைவலை போட்டுப் பொறுமையாகப் பிடிக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். அந்த மீன் இன்னாருடைய வலையில் வந்தது என்று எழுதி ஒட்டி வந்தால் நானும் வாங்குவேன். இத்தனை வருடத்தில் சென்னையில் ஒரு கடையில்கூட எனக்கு அந்தப் பதில் கிடைத்ததில்லை. வலையும் சயனைடும் ஒரே பெட்டியில், ஒரே விலையில் வருகின்றன. அது தெரியாத வரைக்கும் என் காசு எந்தக் கைக்குப் போகிறது என்று நான் எப்படிச் சொல்வது?

பொரித்த மீனைக் கேட்டால் வரும் என்பதற்கு எல்லோ டாங் என்ற மஞ்சள் கடல் மீன் உதாரணம். ஹவாய் உச்ச நீதிமன்றம் 2017இல் மீன் பிடிப்பு அனுமதிகள் மீது தீர்ப்புச் சொன்ன பிறகு அங்கிருந்து வரத்து சுருங்கியது. 2015இல்தான் முதன்முதலாகப் பொரிக்கப்பட்ட மீன், இன்று பண்ணையிலிருந்து கடைக்கு வருகிறது. நம் பக்கத்திலேயே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் க்ளவுன் மீனைப் பொரித்திருக்கின்றன. இன்று நான் போகும் கடைகளில் க்ளவுன் கேட்டால் பண்ணைக் குஞ்சைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

பாறைக்கும் பவளத்துக்கும் இதே அக்கறை வேண்டும். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ராமேஸ்வரத்திலிருந்து எடுத்து வந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். என் டேங்கில் இருப்பது காய்ந்த செயற்கைப் பாறையும், நண்பர்கள் வெட்டிக் கொடுத்த காளான் பவளம், தோல் பவளத் துண்டுகளும்தான்.

இரண்டாவது கோரல் பியூட்டி போன மாதம் வந்தது. இதுவும் பொரித்ததுதான், முதலாவதில் பாதி அளவு. இந்த ஜாதியில் எல்லாமே பெண்ணாகத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும். அதனால் ஒரு பெரியதும் ஒரு சின்னதும் இருந்தால் ஜோடி சேர வழி உண்டு. முதல் பத்து நாள் துளையிட்ட பெட்டியில் வைத்துப் பழக்கிவிட்டுத் திறந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் துரத்தல், பிறகு அமைதி.

அப்பா இப்போது சாயங்காலம் ஆறரைக்கு, விளக்கு மங்கும் நேரத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டு டேங்க் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். நேற்று பெரியது துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு சின்னதைச் சுற்றிச் சுற்றி வந்தது. சின்னது கொஞ்சம் மேலே எழும்பி, மறுபடி பாறைக்குள் போய்விட்டது. முழு விளக்கும் அணைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இருட்டிலேயே கேட்டார்.

"பாசி வளர்க்க எவ்வளவு இடம்மா வேணும்?"